மை அழிந்திருக்கிறது என்றேன்

என் மாமியாருக்கு வயது 76. இங்கிலாந்தின் தென்மேற்கே டோர்செட் மாவட்டத்தில், பிடில் என்ற சிற்றாற்றின் பக்கத்தில் ஒரு கிராமத்தில் இருக்கிறார். கல்யாணமான புதிதில் அவரை எப்படிக் கூப்பிடுவது என்று தெரியாமல் தவித்தேன். "பெயர் சொல்லியே கூப்பிடு" என்றார். கிள்ளானில் வளர்ந்தவள் நான். மாமியாரைப் பெயர் சொல்லிக் கூப்பிட என் நாக்கு ஒத்துழைக்கவில்லை. கடைசியில் 'அத்தை' என்ற சொல்லை அவருக்குச் சொல்லிக் கொடுத்தேன். அவர் வாயில் அது 'ஆட்டே' என்றுதான் வரும். பரவாயில்லை. பத்து வருடமாக அப்படித்தான் தொலைபேசியில் தன்னை அறிமுகப்படுத்திக்கொள்கிறார்: "ஆட்டே பேசுகிறேன்."

போன ஆண்டு செப்டம்பரில் ஐந்து வாரம் அவரோடு தங்கப் போனேன். என் கணவருக்கு விடுப்பு கிடைக்கவில்லை. என் வானொலி நிகழ்ச்சிக்கு இடைவெளி விட்டிருந்த நேரம். மகளை அம்மாவிடம் விட்டுவிட்டுக் கிளம்பினேன். அத்தைக்கு விழித்திரையின் நடுப்பகுதி தேய்ந்துகொண்டு வருகிறது. ஓரங்கள் தெரியும், நடுவில் இருப்பது தெரியாது. என் முகத்தைப் பார்க்க வேண்டுமென்றால் என் காதைப் பார்ப்பார். சமைக்கிறார், தோட்டத்தில் களை பிடுங்குகிறார், ஆப்பிள் கேக் சுடுகிறார். எழுத்தை மட்டும் படிக்க முடியாது.

அதுதான் பெரிய இழப்பு. மாமனார் இறந்த பிறகு அத்தை ஒரு வேலையில் இறங்கியிருந்தார். தன் பிறந்த வீட்டு வம்சாவளியையும், ஊரின் கதையையும் தோண்டி எடுத்து எழுதுவது. நான்கு பெரிய கோப்புகள் நிரம்பியிருந்தன. பாதியில் கண் போய்விட்டது.

"நீ படித்துக் காட்டு. சம்பளம் வாங்கிக்கொண்டு ஊருக்கெல்லாம் படிக்கிறாயே, எனக்குச் சும்மா படி" என்றார்.

நானும் ஊடகவியல் படித்தவள், ஒலிவாங்கி முன்னால் பதினொரு வருடம் உட்கார்ந்தவள். எதைக் கொடுத்தாலும் படித்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். முதல் நாளே திணறிப் போனேன்.

இங்கிலாந்தில் ஒவ்வொரு ஊர்க் கோயிலுக்கும் ஒரு எல்லை உண்டு. அந்த எல்லைக்குள் இருக்கும் ஊரும் வயலும் சேர்ந்ததுதான் 'பாரிஷ்'. 1538இல் எட்டாம் ஹென்றி மன்னரின் அமைச்சர் தாமஸ் குரோம்வெல் ஒரு கட்டளை போட்டார்: ஒவ்வொரு பாரிஷிலும் பாதிரியார் ஒரு பதிவேடு வைத்து, ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் மூன்றையும் எழுதி வர வேண்டும். அரசாங்கமே பிறப்பு இறப்பைப் பதியத் தொடங்கியது 1837இல்தான். அதுவரை கிட்டத்தட்ட முந்நூறு வருடம், ஒரு சாதாரண உழவன் இந்த மண்ணில் பிறந்து வாழ்ந்தான் என்பதற்கு அந்தக் கோயில் பதிவேட்டை விட்டால் பெரும்பாலும் வேறு சாட்சி இல்லை.

அதைப் படிப்பது லேசுப்பட்ட காரியமல்ல. ஞானஸ்நானத் தேதி இருக்கும், பிறந்த தேதி இருக்காது. அடக்கம் செய்த தேதி இருக்கும், எப்படிச் செத்தார் என்று இருக்காது. 1733 வரை பல இடங்களில் லத்தீன். 1752 வரை அவர்களுக்குப் புத்தாண்டு மார்ச் 25ஆம் தேதிதான். ஆகவே பழைய ஏட்டில் 1720 ஜனவரி என்று எழுதியிருந்தால் நம் கணக்கில் அது 1721. இது தெரியாமல் நான் ஒரு பெண்ணுக்குத் திருமணத்துக்குப் பத்து மாதம் முன்பே பிள்ளை பிறந்ததாகப் படித்து, அத்தையைத் திடுக்கிட வைத்தேன். கையெழுத்தோ, 'எஸ்' எழுத்து 'எஃப்' மாதிரி நீண்டு கிடக்கும். ஓரிடத்தில் 'ஜே, என், ஓ' என்று இருந்தது. "ஜ்னோ" என்று ஒலிபரப்புத் தரத்தில் உச்சரித்தேன். அத்தை சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அது 'ஜான்' என்பதன் சுருக்கமாம்.

பெயர்கள் எல்லாம் காதால் கேட்டு எழுதியவை. உழவனுக்கு எழுதப் படிக்கத் தெரியாது, பாதிரியார் தன் காதில் விழுந்ததை எழுதுவார். அடுத்த பாதிரியார் வந்தால் அதே குடும்பத்தின் பெயர் வேறு எழுத்தில் வரும். இதைப் படித்தபோது எனக்கு எங்கள் தோட்டத்துக் கிராணியின் ஞாபகம் வந்தது. என் தாத்தாவும் அவருடைய இரண்டு தம்பிகளும் ஒரே லயத்தில் பிறந்தவர்கள். மூன்று பேருடைய பிறப்புப் பத்திரத்திலும் அவர்களுடைய அப்பாவின் பெயர் மூன்று விதமாக இருக்கிறது. அத்தையிடம் சொன்னேன். "அப்படியானால் உனக்கும் ஒரு 'ஜ்னோ' இருக்கிறான்" என்றார்.

பழைய ஏடுகள் இப்போது கோயிலில் இல்லை. 1978இல் வந்த திருச்சபைச் சட்டத்துக்குப் பிறகு அவையெல்லாம் மாவட்ட ஆவணக் காப்பகங்களுக்குப் போய்விட்டன. டோர்செட்டுக்கு அது டார்செஸ்டர் நகரில் இருக்கிறது. பெரும்பாலான ஏடுகளைப் படம் எடுத்து இணையத்தில் போட்டிருக்கிறார்கள், சந்தா கட்டினால் வீட்டிலிருந்தே பார்க்கலாம். கோயிலில் இன்றும் நிற்பது அந்தக் காலத்துப் பெட்டகம் மட்டும்தான். ஓக் மரத்தில் செய்தது. மூன்று பூட்டு. ஒரு சாவி பாதிரியாரிடம், மற்ற இரண்டும் கோயில் நிர்வாகிகள் இருவரிடம். மூன்று பேரும் சேர்ந்தால்தான் திறக்க முடியும். ஒருத்தரை ஒருத்தர் எவ்வளவு நம்பியிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

எங்கள் வழக்கம் இப்படி அமைந்தது: காலையில் நான் கொண்டுபோயிருந்த ஈப்போ வெள்ளைக் கோப்பி இரண்டு கோப்பை. அடுப்படி மேசையில் என் மடிக்கணினி. நான் படிப்பேன். அத்தை கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். வேண்டியதைச் சொன்னால், பெரிய வெள்ளைத் தாளில் கறுப்பு மார்க்கரால், கட்டை விரல் உயரத்துக்கு எழுதுவேன். அந்த அளவு இருந்தால் ஓரப் பார்வையில் அவருக்குப் பிடிபடும்.

அத்தையின் பிறந்த வீட்டுக் குடும்பப் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. அந்தப் பள்ளத்தாக்கில் இன்னும் இரண்டு வீடுகள் அந்தப் பெயரோடு இருக்கின்றன. அந்தப் பெயர்மேல் அத்தைக்கு உயிர். கோயில் சுவரில் முதல் உலகப் போரில் செத்தவர்களின் பட்டியல் இருக்கிறது, அதில் அந்தப் பெயர் ஒருமுறை வருகிறது. அவருடைய தாத்தாவின் அண்ணன். நான் முதல்முறை ஊருக்குப் போனபோதே அங்கே அழைத்துப் போய் என் விரலைப் பிடித்து அந்த எழுத்தின்மேல் வைத்தவர். கல்யாணமாகி ஐம்பது வருடமாகியும் கையெழுத்தில் அந்தப் பெயரை நடுவில் விடாமல் வைத்திருக்கிறார். தாத்தா சொல்லிக் கொடுத்த கதை ஒன்றும் உண்டு: நாம் கூலிக்காரர்கள் இல்லை. ஆட்டுமந்தை வைத்திருந்த குத்தகைக்காரர் வம்சம். அப்பன், மகன், பேரன் என்று விடாமல் இதே மண்ணில் இருந்தவர்கள்.

பின்னோக்கிப் போனோம். அப்பா, தாத்தா, தாத்தாவின் அப்பா எல்லாம் எளிதாகக் கிடைத்தார்கள். இங்கிலாந்தில் பத்து வருடத்துக்கு ஒருமுறை எடுத்த மக்கள்தொகைக் கணக்கில் 1841 முதல் 1921 வரை உள்ளவற்றை யாரும் பார்க்கலாம். 1841 கணக்கு அவ்வளவு உபயோகமில்லை. பதினைந்துக்கு மேற்பட்டவர்களின் வயதை ஐந்தின் மடங்காகக் குறைத்து எழுதச் சொல்லியிருந்தார்கள். 24 வயதுக்காரரும் 20 என்றே இருப்பார். பிறந்த ஊரும் இருக்காது. 1851 கணக்கில்தான் எந்த பாரிஷில் பிறந்தார் என்று எழுதினார்கள். அதில் தாத்தாவின் தாத்தா கிடைத்தார். வயது 34. தொழில்: விவசாயக் கூலி.

கூலி என்ற சொல்லைப் படித்துவிட்டு நிறுத்தினேன். அத்தை கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "தாத்தா அளந்துவிட்டிருக்கிறார்" என்றார். ஆனாலும் முகத்தில் ஒரு சோர்வு.

பிறந்த ஊர் என்ற கட்டத்தில் எங்கள் ஊர் இல்லை. மலைக்கு அந்தப் பக்கம் உள்ள வேறு பாரிஷ்.

1834இல் அந்த ஆளுக்கு 17 வயது இருந்திருக்கும் என்று கணக்குப் போட்டார் அத்தை. அந்த வருடம் இந்தப் பள்ளத்தாக்கில் எல்லோருக்கும் மனப்பாடம். சில மைல் தொலைவில் டோல்பட்டில் என்ற ஊர். அங்கே பண்ணைக் கூலிகளுக்கு வாரக் கூலியை 9 ஷில்லிங்கிலிருந்து 8 ஆக்கி, 7 ஆக்கி, 6 ஆக்கப் போவதாகச் சொன்னார்கள். ஜார்ஜ் லவ்லெஸ் என்பவரும் இன்னும் சிலரும் சேர்ந்து ஒரு சங்கம் வைத்தார்கள். சங்கம் வைப்பது அப்போது குற்றமில்லை. ஆகவே ரகசியச் சத்தியம் செய்துகொண்டார்கள் என்று 1797ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றைத் தேடிப் பிடித்து, ஆறு பேருக்கு ஏழு வருட நாடுகடத்தல் தண்டனை கொடுத்து ஆஸ்திரேலியாவுக்குக் கப்பல் ஏற்றினார்கள். நாடே கொதித்தது, 1836இல் மன்னிப்பு வந்தது. திரும்பி வந்தவர்களில் ஐந்து பேர் பிறகு கனடாவுக்குப் போய்விட்டார்கள். ஜேம்ஸ் ஹேமட் ஒருவர்தான் டோல்பட்டிலில் வாழ்ந்து, 1891இல் டார்செஸ்டரின் ஏழைகள் விடுதியில் செத்தார். ஊரில் அவர் கல்லறை இருக்கிறது. ஒரு சனிக்கிழமை நாங்கள் போய்ப் பார்த்தோம். தோட்டத் தொழிலாளி வீட்டுப் பேத்திக்கு அந்த 6 ஷில்லிங் கணக்கு விளக்கம் தேவைப்படவில்லை.

மறுநாள் மலைக்கு அந்தப் பக்கத்துப் பதிவேட்டைத் திறந்தேன். 1813க்குப் பிறகு அச்சடித்த படிவம் வந்துவிட்டது, படிக்கச் சுகம். தேதி, பிள்ளையின் பெயர், பெற்றோரின் பெயர், இருப்பிடம், தந்தையின் தொழில், ஞானஸ்நானம் கொடுத்தவர் கையொப்பம். 1817ஆம் ஆண்டுப் பக்கத்தில் ஆள் கிடைத்துவிட்டார்.

பெற்றோர் என்ற கட்டத்தில் ஒரு பெண்ணின் பெயர் மட்டும் இருந்தது. அத்தை உயிராக வைத்திருக்கும் அந்தக் குடும்பப் பெயர் அவளுடையது. தந்தையின் தொழில் என்ற கட்டத்தில் 'தனிப் பெண்' என்று இருந்தது. பிள்ளையின் பெயருக்கு அடியில், அதே மையில், சின்ன எழுத்தில் 'பேஸ் பார்ன்'. முறையற்றுப் பிறந்தது என்பதற்கு அந்தக் காலத்துப் பாதிரியார்கள் எழுதும் சொல்.

நான் தேதியைப் படித்தேன். பையன் பெயரைப் படித்தேன். தாயின் பெயரைப் படித்தேன்.

"அப்பா?" என்றார்.

"மை அழிந்திருக்கிறது, அத்தை."

"முழுக்கவா?"

"முழுக்க."

சரி என்று எழுந்து போய்க் கோப்பிக் கோப்பைகளைக் கழுவ ஆரம்பித்தார்.

அன்று இரவு கணவரிடம் பேசினேன். "விட்டுவிடு, அவர் சந்தோஷமாக இருக்கட்டும். இருநூறு வருடக் கதை யாருக்கு வேண்டும்?" என்றார். அன்பாகத்தான் சொன்னார். எனக்கோ தூக்கம் வரவில்லை. நான் செய்தி வாசித்த காலத்தில், எழுதிக் கொடுத்ததில் ஒரு சொல்லை விட்டுவிட்டாலும் என்னைக் கூப்பிட்டுக் கேட்பார்கள். இங்கே ஒரு மனுஷி கண்ணுக்குப் பதிலாக என்னை வைத்துக்கொண்டிருக்கிறார். அவருக்குத் தெரியக்கூடாது என்று முடிவு செய்ய என்னை யார் கேட்டது? அவருக்குக் கண் தெரிந்திருந்தால் அந்தப் பக்கத்தை அவரே பார்த்திருப்பார், அழுதிருப்பார், அல்லது சிரித்திருப்பார். அது அவர் பாடு. மூன்று சாவிப் பெட்டகத்தை நினைத்துக்கொண்டேன். இப்போது மூன்றும் என் ஒருத்தியின் கையில்.

மூன்று நாள் இப்படியே போனது. நான்காம் நாள் அத்தையே டார்செஸ்டருக்கு ஒரு நாள் குறிக்கச் சொன்னார். "மூல ஏட்டைப் பார்த்தால் அழிந்த எழுத்தைப் படிக்க ஏதாவது வழி இருக்கும்."

பேருந்து நிறுத்தத்தில் சொல்லிவிட்டேன். அழிந்தது மை இல்லை, நான்தான் என்றேன்.

"எனக்குத் தெரியும்" என்றார்.

"எப்படி?"

"உன் நிகழ்ச்சியை வாரம் இரண்டு முறை இணையத்தில் கேட்கிறேன். ஒரு சொல் புரியாது. ஆனால் விளம்பரம் படிக்கும்போது உன் குரல் மாறும். அன்றைக்கு 'மை அழிந்திருக்கிறது' என்றாயே, அது விளம்பரக் குரல்."

எனக்கு முகம் சுட்டது. அவர் கோபமாக இருந்தாரா என்றால், இருந்தார். பேருந்தில் பாதி வழி பேசவில்லை. பிறகு திடீரென்று, "தாமஸ் ஹார்டி இந்தப் பக்கத்து ஆள்தான். 'டெஸ்' படித்திருக்கிறாயா?" என்றார். கல்லூரியில் படித்திருக்கிறேன். 1891இல் வந்த நாவல். ஒரு ஏழை வண்டிக்காரனைச் சாலையில் பார்த்து, மாவட்ட வரலாறு தோண்டும் பாதிரியார் ஒருவர், நீ பழைய பிரபு வம்சமப்பா என்று போகிறபோக்கில் சொல்லிவிடுவார். அந்தப் பெருமைதான் அந்தக் குடும்பத்தைக் குலைத்து, அந்தப் பெண்ணைத் தூக்குமேடை வரைக்கும் கொண்டுபோகும். "எங்களுக்கு நல்லவேளை, கதை தலைகீழாக வந்திருக்கிறது. பிரபு இல்லை என்று தெரிந்ததால் யாரும் செத்ததில்லை" என்றார். பிறகு என் கையைத் தட்டிக்கொடுத்தார். "இனிமேல் கமாவைக்கூட விடாதே."

ஆவணக் காப்பகத்தின் வாசிப்பு அறையில் பேனாவுக்கு அனுமதி இல்லை, பென்சில் மட்டும்தான். ஏட்டைச் சரிவான பஞ்சுத் தாங்கியில் வைத்து, பக்கம் புரளாமல் இருக்க மணிகள் கோத்த கயிறு மாதிரி ஒரு பாரத்தை மேலே போட வேண்டும். சத்தமாகப் படிக்கக்கூடாது. அத்தையின் கண் நிலையைச் சொன்னதும் அங்கிருந்த பெண் ஊழியர் பக்கத்தில் ஒரு சிறிய அறையைத் திறந்து கொடுத்தார்.

நாங்கள் தேடியது பதிவேடு அல்ல, ஏழைகள் சம்பந்தப்பட்ட காகிதங்கள். இது எனக்குப் புதிய விஷயம், கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். அந்தக் காலத்தில் ஏழையைப் பராமரிப்பது அவரவர் பாரிஷின் பொறுப்பு. செலவு அந்த ஊர் நிலக்காரர்கள் கட்டும் வரியிலிருந்து. ஆகவே யார் நம்மூர், யார் வெளியூர் என்பதில் அத்தனை கறார். 1662இல் ஒரு சட்டம் வந்தது. ஒவ்வொருவருக்கும் 'சொந்த' பாரிஷ் ஒன்று உண்டு. வேறிடத்தில் போய்ப் பாரமாக நின்றால் இரண்டு நீதிபதிகள் கையெழுத்துப் போட்டு அங்கே திருப்பி அனுப்பிவிடலாம். ஓர் ஊரில் முழுதாக ஒரு வருடம் வேலைக்கு அமர்ந்தால் அந்த ஊரின் உரிமை கிடைக்கும். அதனால் சில பண்ணைக்காரர்கள் வருடம் முடிய ஒரு வாரம் இருக்கும்போது ஆளைக் கணக்குத் தீர்த்து அனுப்பிவிடுவார்களாம். ஒப்பந்தத் தொழில் பார்க்கும் என் தோழிகளிடம் இதைச் சொன்னால் நம்பமாட்டார்கள், அல்லது உடனே நம்பிவிடுவார்கள்.

கல்யாணமாகாத தாய்க்குப் பிறக்கும் பிள்ளை, பிறந்த ஊருக்கே சொந்தம். எனவே அப்படி ஒருத்தி வயிற்றுப் பிள்ளையோடு இருப்பது தெரிந்தால், பிரசவத்துக்கு முன்னால் எல்லை தாண்டி அனுப்பிவிட ஊர் அதிகாரிகள் துடிப்பார்கள்.

அவளையும் அனுப்பியிருந்தார்கள். அனுப்புவதற்கு முன் நீதிபதிகள் முன்னிலையில் அவளை விசாரித்து எழுதிய வாக்குமூலம், பெயர் அட்டவணையைப் பார்த்துக் கேட்டபோது கைக்கு வந்துவிட்டது. ஒரே ஒரு தாள். நான்காக மடித்த தழும்பு.

படித்தேன். மெல்ல, ஒரு சொல் விடாமல். எழுத்தர் எழுதிய சட்ட மொழிதான், ஆனால் அதற்கு உள்ளே ஒரு பெண் இருந்தாள். வயது 22 அளவில். அப்பா கூலிக்காரர். பதினைந்து வயதுவாக்கில் மலைக்கு அந்தப் பக்கத்து ஊரில் ஒரு பண்ணையில், வருடம் 3 பவுண்டு சம்பளத்துக்குப் பால் கறக்கச் சேர்ந்தாள். வருடம் முழுக்க இருந்து முழுச் சம்பளமும் வாங்கினாள். பிறகு வேறு இடங்களுக்குப் போனாள், எங்கும் ஒரு வருடம் நிற்கவில்லை. இப்போது பிள்ளை சுமக்கிறாள். அந்தப் பிள்ளை முறையற்றுப் பிறக்கும், பாரிஷுக்குப் பாரமாகும் என்பதால் இந்த விசாரணை. யார் தகப்பன் என்பது இந்தத் தாளில் இல்லை. அதைக் கேட்பது வேறு விசாரணை. தகப்பனைப் பிடித்துப் பிள்ளைச் செலவை அவன் தலையில் கட்டப் பத்திரம் எழுதி வாங்குவார்கள். அந்தப் பெட்டியில் அவளுடைய பத்திரம் இல்லை.

கீழே ஒரு பெருக்கல் குறி. அதன் இரண்டு பக்கமும் எழுத்தர், 'இன்னாருடைய அடையாளம்' என்று எழுதியிருந்தார். கோடு ஒன்று நேராக இருந்தது. மற்றது நடுவில் நின்று, மறுபடி தொடங்கி, மை திட்டாகப் பரவியிருந்தது. பேனா பிடித்துப் பழகாத கை.

இதையும் அத்தையிடம் வர்ணித்தேன். "எங்கே?" என்றார். சுத்தமான கையால் காகிதத்தைத் தொடலாம், உறை மாட்டத் தேவையில்லை என்று அந்த ஊழியர் முன்பே சொல்லியிருந்தார். அத்தையின் ஆள்காட்டி விரலைப் பிடித்து, குறிக்கு அருகில், வெற்றுத் தாள்மேல் வைத்தேன். ரொம்ப நேரம் அப்படியே வைத்திருந்தார்.

"அப்போது இந்தப் பெயர் அப்பன் வழி வந்ததில்லை" என்றார் கடைசியில். "இவளுடையது. இவ்வளவு காலமும் எல்லா ஆம்பிளைகளும் இவள் பெயரைத்தான் போட்டுக்கொண்டு திரிந்திருக்கிறார்கள்."

போரில் செத்து, கல்லில் பெயர் வெட்டப்பட்ட அண்ணன் தாத்தாவும் சேர்த்துத்தான்.

மலைக்கு அந்தப் பக்கத்துப் பாரிஷின் ஏழைக் கணக்குப் புத்தகத்தையும் கேட்டு வாங்கினோம். வாராவாரம் அவளுக்குக் கொடுத்த காசு அதில் வரிசையாக இருக்கிறது. 1 ஷில்லிங் 6 பென்ஸ். ஒரு பனிக்காலத்தில் மட்டும் பையனுக்குச் சப்பாத்து வாங்கக் கூடுதலாக ஒரு தொகை. அவனுக்கு ஒன்பது வயதானதும் காசு நிற்கிறது. வேலைக்குப் போகும் வயது வந்துவிட்டது என்று அர்த்தம். அவன் மலையைத் தாண்டி எங்கள் ஊருக்குக் கூலியாக வந்ததும் அதற்குப் பிறகு எப்போதோதான். அத்தை அந்தச் சப்பாத்து வரியை மட்டும் மூன்று முறை படிக்கச் சொன்னார்.

அவள் பிறகு கல்யாணம் செய்துகொண்டாளா என்று தேடினோம். இல்லை. 1860களில் அடக்கப் பதிவேட்டில் அதே பெயரோடு வருகிறாள். அந்தக் கோயிலுக்கும் போனோம். ஏழைகளுக்குக் கல்லறைக் கல் ஏது? யூ மரத்தடியில் புல் மட்டும் இருந்தது. மழை வேறு. அத்தை கொண்டுவந்திருந்த ஆப்பிள் கேக்கைக் கோயில் வாசல் திண்ணையில் உட்கார்ந்து தின்றுவிட்டு வந்தோம்.

வீட்டில் அந்தப் பெரிய வெள்ளைத் தாளில் திருத்தம் செய்தேன். அப்பா என்று நான் வரைந்து வைத்திருந்த வெற்றுக் கட்டத்தை அடித்துவிடவா என்று கேட்டேன். "வேண்டாம், காலியாகவே இருக்கட்டும். அவளை மட்டும் பெரிதாக எழுது" என்றார். எழுதினேன். மார்க்கர் மை தீர்ந்து, கடைக்குப் போய் வேறு வாங்கி வந்து எழுதினேன். பள்ளத்தாக்கில் அதே பெயரோடு இருக்கும் ஒன்றுவிட்ட சகோதரர்களை அத்தை தேநீருக்குக் கூப்பிட்டுச் சொன்னார். ஒருவர் ஆச்சரியப்பட்டார். மற்றவருக்குப் பிடிக்கவில்லை, ஏடு தப்பாக இருக்கும் என்று சொல்லிவிட்டு எழுந்து போனார். இன்னும் பேச்சு வார்த்தை இல்லை. அத்தைக்கு அதில் வருத்தம் உண்டு, மறைக்கவில்லை.

கிளம்புவதற்கு முந்தின நாள், "உன் பக்கத்தில் என்ன இருக்கிறது?" என்று கேட்டார். என்னிடம் இருப்பது கொஞ்சம்தான். மூன்று விதமாக எழுதிய ஒரு பெயர். கொள்ளுப்பாட்டியின் சிவப்பு அடையாள அட்டை. இந்த நாட்டில் ரப்பர் பால் வெட்டியே கிழவியானவர், சாகும்வரை குடியுரிமை வரவில்லை. தோட்டம் இப்போது செம்பனையாகி, பிறகு வீடமைப்புத் திட்டமாகிவிட்டது. செக்ரோல் புத்தகம் எங்கே போனது என்று யாருக்கும் தெரியாது. இதையெல்லாம் சொன்னேன். "உயிரோடு இருப்பவர்களிடம் முதலில் கேள். ஏடு காத்திருக்கும், அவர்கள் காத்திருக்கமாட்டார்கள்" என்றார். வந்ததும் அம்மாவின் பெரியம்மாவைப் போய்ப் பார்த்தேன். 88 வயது. பெரட்டுக்கு மணி அடிப்பது யார், கிராணி வீட்டில் எத்தனை வாத்து என்று எல்லாம் சொல்கிறார். கைப்பேசியில் ஒலிப்பதிவு செய்து வைத்திருக்கிறேன். அவர் சொன்னதில் சிலவற்றை அம்மா, "இதையெல்லாம் வெளியே சொல்லாதே" என்கிறாள். அந்தப் பேச்சு எங்கள் வீட்டில் இன்னும் முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மாலையில் அத்தைக்குப் படிப்பது தொடர்கிறது. இப்போது அங்கே குளிர்காலம், நமக்கு எட்டு மணி நேரம் பின்னால் இருக்கிறார்கள். நான் இங்கே கணினியைத் திறந்து வைத்துக்கொள்வேன். அவர் அங்கே காலைக் கோப்பியோடு தொலைபேசியைக் காதில் வைத்துக்கொள்வார். 1780களுக்கு வந்திருக்கிறோம். 1783இல் ஒவ்வொரு பதிவுக்கும் 3 பென்ஸ் வரி போட்டார்கள், ஏழைகளுக்கு விலக்கு. அதனால் ஓரத்தில் 'பி' என்ற எழுத்து வந்தால் அது ஏழை வீட்டுப் பிள்ளை. பி வந்தால் சொல்லு என்று கேட்டு வைத்திருக்கிறார். போன வாரம் ஒரு பெயர் இருவருக்கும் பிடிபடவில்லை. 'டபிள்யூ'வா, 'எம்'மா என்று அரை மணி நேரம் சண்டை. அடுத்த ஞாயிறு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டு வைத்திருக்கிறோம்.